முதலில் சொல், பிறகு நிறம்: ஒரு பராமரிப்புப் பதிவேடு கற்றுத்தந்தவை

பல பேர் கை வைக்கிற விரிதாளில், கையால் பூசிய நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், என் பொறுப்புக்கு வந்த ஒரு பராமரிப்புப் பதிவேடு. கருவி எண், கருவியின் பெயர், செய்ய வேண்டிய வேலை, கெடு தேதி, முடித்த தேதி, பொறுப்பாளர் என்று ஆறு நெடுவரிசைகள். அவற்றின் கீழே நூற்றுக்கணக்கான வரிசைகள். கோப்பைத் திறந்தால் எழுத்துகளுக்கு முன்பே நிறங்கள்தான் கண்ணில் படும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இரண்டு வகைப் பச்சை, வெளிர் நீலம். அதைப் பயன்படுத்தியவர்களிடம் கேட்டபோது, மஞ்சள் என்பது ஒருவருக்குக் "கெடு நெருங்குகிறது", இன்னொருவருக்கு "யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டும்", மூன்றாமவருக்கு "இதை நான் பார்த்துவிட்டேன்". மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் மூன்று பொருளும் ஒரே மஞ்சளுக்குள் கிடந்தன.

அதைவிடப் பெரிய சிக்கல், காலம் நகர்வதும் நிறம் நகராமல் நிற்பதும். சென்ற மாதம் கெடுவுக்கு நிறைய நாள் இருந்த வேலைக்கு யாரோ பச்சை பூசியிருப்பார்கள். கெடு கடந்துவிடும், பச்சை அப்படியே இருக்கும். முடிந்துபோன வேலை சிவப்பாகவே கிடக்கும். தேதியைத் திருத்துகிறவர் நிறத்தையும் திருத்த வேண்டும் என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

ஆகவே கையால் பூசியிருந்த நிறங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கைக் கொண்டு அந்தப் பதிவேட்டை மறுபடி கட்டினேன். அதாவது, கட்டத்தில் உள்ள மதிப்பைப் பார்த்து, நாம் சொல்லிவைத்த விதிப்படி மென்பொருளே நிறத்தைப் போடும், விதி பொருந்தாதபோது அதுவே எடுத்துவிடும். எக்செல்லில் இது ஹோம் தாவலில் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரெஆஃபிஸ் கால்க்கிலும் ஃபார்மேட் மெனுவுக்குள் இருக்கிறது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும். ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தொடங்குவது எக்செல்லில் தயாராக இருக்கும் விதிகளிலிருந்துதான். இந்த எண்ணைவிடப் பெரியது, சிறியது, இரண்டுக்கும் இடைப்பட்டது, இந்தச் சொல் இருப்பது, இரட்டிப்பாக வருவது என்று மெனுவிலேயே வரிசையாக இருக்கும். ஒரே ஒரு நெடுவரிசையில் வரம்பு மீறிய எண்களைப் பிடிக்க இவை போதும், பத்து நொடியில் வேலை முடியும். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவேடு போன்ற ஒன்றுக்கு இவை போதாமல் போவது, ஒரு கட்டத்தைப் பார்த்து வரிசை முழுவதையும் நிறமாக்க வேண்டும் என்னும்போதும், இரண்டு மூன்று நிபந்தனைகள் சேர்ந்து வரும்போதும்தான். அங்கே ஃபார்முலா விதி தேவைப்படுகிறது.

கெடு தேதி டி நெடுவரிசையிலும் முடித்த தேதி ஈ நெடுவரிசையிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு முதல் வரிசையில், விவரம் இரண்டாம் வரிசையிலிருந்து. கெடு கடந்தும் முடியாத வேலைகளின் வரிசை முழுவதும் சிவக்க வேண்டும் என்றால், ஏ2 முதல் எஃப் நெடுவரிசையின் கடைசி வரை தேர்ந்தெடுத்துக்கொண்டு, "ஃபார்முலாவைக் கொண்டு தீர்மானி" என்ற வகையில் புதிய விதி திறந்து, இதைக் கொடுக்க வேண்டும்:

=அண்ட்($டி2<டுடே(),$ஈ2="")

அண்ட் என்றால் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும், டுடே() என்றால் இன்றைய தேதி, "" என்றால் காலி. இதில் உயிர்நாடி டாலர் குறி. டி என்ற எழுத்துக்கு முன்னால் டாலர் இருப்பதால், ஏ2, பி2, சி2 என்று எந்தக் கட்டத்துக்கு விதியைச் சோதித்தாலும் மென்பொருள் டி நெடுவரிசையையே பார்க்கும். 2 என்ற எண்ணுக்கு முன்னால் டாலர் இல்லாததால், மூன்றாம் வரிசைக்கு டி3, நான்காம் வரிசைக்கு டி4 என்று இறங்கிக்கொண்டே போகும். எழுத்தைக் கட்டிப்போடு, எண்ணை அவிழ்த்துவிடு. வரிசை முழுவதையும் நிறமாக்கும் எல்லா விதிக்கும் இதுவே கணக்கு. எக்செல்லில் விதிப் பெட்டி திறந்திருக்கும்போது கட்டத்தை மவுஸால் சொடுக்கினால் $டி$2 என்று இரண்டு பக்கமும் டாலர் போட்டுக் கொடுத்துவிடும். அப்படியே விட்டால் எல்லா வரிசையும் இரண்டாம் வரிசையின் தேதியையே பார்க்கும். ஒன்று எல்லாம் சிவக்கும், இல்லை எதுவுமே சிவக்காது. எஃப்4 விசையைத் தட்டத் தட்ட டாலர் குறி இடம் மாறும், தேவையான நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு இடத்தில் பலர் மணிக்கணக்கில் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நெடுவரிசைகளின் தலையைச் சொடுக்கி முழுவதையும் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் ஃபார்முலாவில் 2 என்று எழுதுவார்கள். அப்போது தேர்வு முதல் வரிசையில் தொடங்குகிறது, ஃபார்முலா இரண்டாம் வரிசையைச் சொல்கிறது. விளைவு, நிறம் ஒரு வரிசை மேலே தள்ளி விழும். பத்தாம் வரிசையில் கெடு தவறியிருந்தால் ஒன்பதாம் வரிசை சிவக்கும். எல்லாம் தாறுமாறாகத் தெரிந்தாலாவது உடனே சந்தேகம் வரும். இது அப்படித் தெரியாது, அங்கங்கே சரியாகவும் அங்கங்கே தவறாகவும் இருப்பதுபோல் மயக்கும். தேர்வின் முதல் கட்டம் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த எண்ணைத்தான் ஃபார்முலாவிலும் எழுத வேண்டும்.

எக்செல்லின் அந்தச் சின்ன ஃபார்முலாப் பெட்டிக்குள் ஓர் எழுத்தைத் திருத்தலாம் என்று அம்புக்குறி விசையைத் தட்டினால், கர்சர் நகர்வதற்குப் பதிலாகப் புதிய கட்ட முகவரி ஒன்று நடுவே வந்து உட்காரும். விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப்2 விசையை ஒருமுறை தட்டிவிட்டால் திருத்தும் நிலைக்கு மாறி, அம்புக்குறிகள் வழக்கம்போல் வேலை செய்யும். சின்ன விஷயம்தான், ஆனால் இது தெரியாததாலேயே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் நான் எந்த விதியையும் நேராக அந்தப் பெட்டிக்குள் எழுதுவதில்லை. முதலில் ஓரத்தில் காலியாக இருக்கும் ஒரு நெடுவரிசையின் இரண்டாம் வரிசையில் அதே ஃபார்முலாவை எழுதிக் கீழே வரை இழுத்துவிடுகிறேன். ஒவ்வொரு வரிசையிலும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று வரும். சிவக்க வேண்டிய வரிசையில் ட்ரூ இருக்கிறதா, மற்றதில் ஃபால்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் அதை நகலெடுத்து விதிப் பெட்டிக்குள் ஒட்டுகிறேன். பெட்டிக்குள் எழுதினால் தவறு எங்கே என்று மென்பொருள் சொல்லாது, நிறம் வராமல் போவது மட்டும்தான் தெரியும். வெளியே எழுதினால் ஒவ்வொரு வரிசையும் தன் பதிலைச் சொல்லிவிடும்.

அப்படி வெளியே எழுதிப் பார்த்தபோதுதான் காலிக் கட்டங்களின் குணம் தெரிந்தது. கெடு தேதியே நிரப்பாத வரிசைகளிலும் ட்ரூ வந்தது. காலிக் கட்டத்தை எண்ணோடு ஒப்பிடும்போது அது பூஜ்யமாகக் கொள்ளப்படுகிறது. பூஜ்யம் இன்றைய தேதியைவிடச் சிறியது, ஆகவே கெடு தவறியதாகக் கணக்கு. விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண், அவ்வளவுதான். எக்செல்லின் வழக்கமான கணக்கில் 1900 ஜனவரி 1 என்பது 1, 2024 ஜனவரி 1 என்பது 45292. நாம் பார்க்கும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை. ஆகவே தேதியை ஒப்பிடும் எந்த விதியிலும் $டி2<>"" என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். காலியாக இருப்பதைத் தனியாக வேறு விதியில் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். தேதியே போடாத வேலை, கெடு தவறிய வேலையைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. தவறியது கண்ணுக்குத் தெரியும், தேதி இல்லாதது எந்தப் பட்டியலிலும் வராது.

காலிக் கட்டம் தேவையில்லாமல் சிவக்கும். அதற்கு நேர்மாறானது எழுத்தாக உட்கார்ந்திருக்கும் தேதி, சிவக்க வேண்டியபோதும் அது சிவக்காது. பதிவேட்டின் ஒரு பகுதி வேறொரு மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, வந்திருந்தது. அதில் பல தேதிகள் பார்வைக்குத் தேதிபோல் இருந்தன, ஆனால் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன. நாமாக ஒழுங்குபடுத்தாத கட்டத்தில் எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கும் தேதி எழுத்து. எக்செல் ஒப்பிடும்போது எந்த எழுத்தையும் எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே கொள்ளும். ஆகவே எழுத்துத் தேதி எந்நாளும் "இன்றைக்கு முந்தியது" ஆகாது. கெடு போய் ஆறு மாதம் ஆனாலும் அந்த வரிசை வெள்ளையாகவே இருக்கும்.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எழுத்துத் தேதி தனியாக வருவதில்லை. நாள் முதலில், மாதம் அடுத்து என்று எழுதிய கோப்பை, மாதம் முதலில் என்று அமைத்த கணினியில் திறந்தால் என்ன ஆகும்? 25/04/2024 என்பதை அது மாதம் 25 என்று படிக்கப் பார்க்கும். அப்படி மாதம் இல்லை என்பதால் எழுத்தாக விட்டுவிடும். ஆனால் 05/04/2024 என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 5 ஆக இருந்தது மே 4 ஆகிவிட்டது, அதுவும் முறையான தேதி எண்ணாக, வலப்பக்கம் ஒழுங்காக நின்றுகொண்டு. ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு நிம்மதி அடையாதீர்கள். வலப்பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கட்டம் கட்டமாகத் திருத்துவதில் பயனில்லை. மூலக் கோப்புக்குத் திரும்பிப்போய், நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைச் சொல்லி மறுபடி இறக்குவதே வழி. எந்த நிற விதியையும் எழுதுவதற்கு முன்னால், தேதி நெடுவரிசையில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு விதியைத்தான் நான் முதலில் போடுகிறேன் (இஸ்நம்பர் கட்டத்தில் இருப்பது எண்ணா என்று கேட்கும், நாட் அந்தப் பதிலைத் திருப்பிப்போடும்):

=அண்ட்($டி2<>"",நாட்(இஸ்நம்பர்($டி2)))

எண்களுக்கும் இதே நோய் உண்டு. எழுத்தாக வந்த 5 என்பது 100-ஐவிடப் பெரியது என்று ஃபார்முலா விதி சொல்லும். வரம்பு மீறியதாக நிறம் விழுந்த கட்டத்தில் சின்ன எண் இருந்தால், விதியைத் திட்டுவதற்கு முன் அந்த எண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

விதிகள் கூடக்கூட, எது யாரை வெல்லும் என்ற கேள்வி வரும். எக்செல்லில் விதி மேலாண்மைப் பெட்டியில் மேலே இருப்பதற்கே முதல் உரிமை, புதிதாகச் சேர்க்கும் விதி தானாக உச்சியில் போய் உட்காரும். ஒன்று பின்னணி நிறத்தையும் இன்னொன்று தடித்த எழுத்தையும் சொன்னால் இரண்டும் நடக்கும். இரண்டும் பின்னணி நிறத்தையே சொன்னால் மேலே இருப்பது வெல்லும். கூகுள் ஷீட்ஸில் முதலில் பொருந்தும் விதியே நிறத்தைத் தீர்மானிக்கும். எதுவானாலும், கையால் பூசிய நிறத்தின் மேல் விதியின் நிறம்தான் தெரியும். பதிவேட்டை மாற்றிக் கட்டியபோது பழைய நிறங்களை முழுவதும் அழித்ததற்கு இதுவும் காரணம். விதி விலகும் இடத்தில் அடியில் கிடக்கும் பழைய மஞ்சள் மறுபடி தலைகாட்டும், அதை விதியின் மஞ்சள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எத்தனை நிறம் வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. எக்செல் 97-இல் இந்த வசதி வந்தபோது ஒரு கட்டத்துக்கு 3 நிபந்தனைகள்தான் கொடுக்க முடியும். 2007-இல்தான் அந்தக் கட்டுப்பாடு போனது, நிறச் சரிவு, பட்டை, சின்னங்கள் எல்லாம் அப்போது வந்து சேர்ந்தன. பதிவேடுகளைப் பொறுத்தவரை அந்தப் பழைய மூன்று என்ற அளவு இன்றைக்கும் சரியான அளவு. உடனே செய்ய வேண்டியது, விரைவில் செய்ய வேண்டியது, விவரமே குறைபாடானது. இவ்வளவு போதும். முடிந்த வேலைக்குப் பச்சை பூசும் வழக்கத்தை நான் எடுத்துவிட்டேன். முடிந்தது நம்மிடம் எதையும் கேட்கவில்லை, அதற்குச் சாம்பல் எழுத்து போதும். பச்சை போனதும் பதிவேட்டில் பெரும்பகுதி வெண்மையானது, எஞ்சிய சிவப்பு தூரத்திலிருந்தே தெரிந்தது. தாளில் பாதிக்கு மேல் நிறமாக இருந்தால், பிழை விதியில் இருக்கலாம், அல்லது வேலை உண்மையிலேயே அவ்வளவு தேங்கியிருக்கலாம். இரண்டில் எது என்று பார்க்காமல் விடக் கூடாது.

அதன் பிறகு பதிவேடு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒரு சக ஊழியர், தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். அதுவரை நிற அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பிறகு தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் தன் வேலைகளைக் கண்டுபிடித்திருக்கிறார். இது அரிய குறைபாடு அல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு தெளிவாகத் தெரிவதில்லை, பெண்களில் இது மிகக் குறைவு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நம் எல்லோருக்கும் அதே நிலைதான், சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் ஆகிவிடும். பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் கட்டத்தில் உள்ள சொல்லைப் படிக்கும், நிறம் சொல்லும் பொருளை அதனால் சொல்ல முடியாது.

அவர் சொன்னதிலிருந்துதான் பதிவேட்டின் இன்றைய அமைப்பு பிறந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை நிற விதிக்குள் ஒளித்துவைக்காமல், தாளிலேயே ஒரு நெடுவரிசையில் சொல்லாக எழுதுவது, நிறம் அந்தச் சொல்லைப் பின்தொடர்வது. ஜி நெடுவரிசைக்கு "நிலை" என்று தலைப்பு வைத்து, ஜி2-இல் இதை எழுதினேன்:

=இஃப்($ஈ2<>"","முடிந்தது",இஃப்(நாட்(இஸ்நம்பர்($டி2)),"தேதி சரியில்லை",இஃப்($டி2<டுடே(),"தவறியது",இஃப்($டி2<=டுடே()+$ஜே$1,"நெருங்குகிறது","காத்திருக்கிறது"))))

இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு பொறுப்பான மனிதர் கேட்கும் கேள்விகள் அதே வரிசையில் இருக்கும். முடிந்ததா? இல்லையென்றால், தேதி ஒழுங்காக இருக்கிறதா? காலியாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும் இஸ்நம்பர் இல்லை என்றே சொல்லும், ஆகவே இரண்டு நோயும் ஒரே வலையில் விழும். தேதி ஒழுங்கு என்றால், கடந்துவிட்டதா? கடக்கவில்லை என்றால், எத்தனை நாளில் வருகிறது? அந்த "எத்தனை நாள்" என்பது ஜே1 கட்டத்தில் 7 என்று தனியாக இருக்கிறது, ஃபார்முலாவுக்குள் புதைந்து கிடக்கவில்லை.

இதன் பிறகு நிற விதிகள் குழந்தைக்கும் புரியும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. =$ஜி2="தவறியது" என்றால் வெளிர் சிவப்புப் பின்னணி, அடர் சிவப்பு எழுத்து. =$ஜி2="நெருங்குகிறது" என்றால் வெளிர் மஞ்சள். =$ஜி2="தேதி சரியில்லை" என்றால் வெளிர் நீலம். =$ஜி2="முடிந்தது" என்றால் சாம்பல் எழுத்து. எந்த இரண்டும் ஒரே வரிசையில் பொருந்த வழியில்லை என்பதால், எது மேலே எது கீழே என்ற கேள்வியும் தீர்ந்தது. பின்னணி எப்போதும் வெளிறியதாகவும் எழுத்து அடர்த்தியாகவும் இருக்கட்டும். அடர் சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தை நாள் முழுவதும் யாராலும் படிக்க முடியாது.

எதிர்பாராத ஆதாயங்களும் வந்தன. எத்தனை வேலை தவறியிருக்கிறது என்று மாதக் கூட்டத்தில் கேட்பார்கள். நிறத்தை எண்ணும் வழக்கமான ஃபார்முலா எக்செல்லில் இல்லை, நிறத்தை வைத்து வடிகட்டி எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது கவுண்ட்இஃப் ஒன்றைப் போட்டு, ஜி நெடுவரிசையில் "தவறியது" எத்தனை என்று கேட்டால் எண் வந்துவிடும். வேலை ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால் விதிப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதில்லை, பக்கத்துக் கட்டமே சொல்கிறது. சிவப்பு-பச்சை பிரித்தறியாத அந்த ஊழியர், நிலை நெடுவரிசையை வடிகட்டித் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

எல்லைகளை ஒரு முறை கையால் சோதித்துவிடுவது அவசியம். பதிவேட்டின் நகல் ஒன்றில் நேற்றைய தேதி, இன்றைய தேதி, இன்றிலிருந்து ஏழாம் நாள், எட்டாம் நாள், காலி, எழுத்துத் தேதி என்று பொய் வரிசைகளைப் போட்டு, நிலை என்ன வருகிறது என்று பார்த்தேன். அப்போது எழுந்த கேள்வி, கெடு இன்றைக்குத்தான் என்றால் அது தவறியதா, நெருங்குவதா? மேலே உள்ள ஃபார்முலாவில் அது நெருங்குவது. உங்கள் வேலையில் இன்று காலைக்குள் முடிந்திருக்க வேண்டும் என்றால் <= என்று மாற்ற வேண்டும். இது வேலை செய்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி. தேதியோடு நேரமும் சேர்ந்து வரும் கோப்புகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நேரம் என்பது அந்தத் தேதி எண்ணின் பின்னப் பகுதி, நண்பகல் என்றால் .5. ஏழாம் நாள் நண்பகல் என்பது இன்று கூட்டல் 7 என்பதைவிட அரை நாள் பெரியது, அதனால் மஞ்சள் ஒரு நாள் தாமதமாக வரும். தேதியை ஒப்பிடும் இடங்களில் மட்டும் $டி2-க்குப் பதிலாக இன்ட்($டி2) என்று எழுதினால் பின்னம் போய்விடும், இஸ்நம்பருக்குள் $டி2 அப்படியே இருக்கட்டும்.

கெடு தேதிக்கு வெளியே, எனக்குப் பெரிதும் கைகொடுத்த இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, கருவி எண் இரண்டு முறை பதிவாவதைப் பிடிப்பது. =கவுண்ட்இஃப்($ஏ$2:$ஏ2,$ஏ2)>1 என்று எழுதினால், முதல் பதிவை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து மட்டும் நிறமாகும். வரம்பின் தொடக்கம் கட்டப்பட்டு, முடிவு அவிழ்ந்து இருப்பதுதான் சூட்சுமம். எண்ணுக்குப் பின்னால் யாரோ தட்டிய ஓர் இடைவெளி இருந்தால் இரண்டும் வேறு என்றே கணக்காகும், ஆகவே =லென்($ஏ2)<>லென்(ட்ரிம்($ஏ2)) என்ற விதியையும் கூடவே வையுங்கள். லென் எழுத்துகளை எண்ணும், ட்ரிம் வேண்டாத இடைவெளிகளை நீக்கும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட நீண்ட எண்களில் மட்டும் எக்செல்லின் கவுண்ட்இஃபை நம்ப வேண்டாம். எழுத்தாகச் சேமித்திருந்தாலும் அது எண்ணாகவே எடுத்துக்கொண்டு முதல் 15 இலக்கத்தோடு நின்றுவிடும், வெவ்வேறு எண்களை ஒன்று என்று சொல்லிவிடும்.

இரண்டாவது, ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் யாராவது எண்ணையோ சொல்லையோ நேராகத் தட்டிவிட்டால் காட்டிக்கொடுப்பது. ஜி நெடுவரிசைக்கு =நாட்(இஸ்ஃபார்முலா($ஜி2)) என்று ஒரு விதி. நிலை என்பது கணக்கால் வருவது என்று தெரியாமல் "முடிந்தது" என்று கையால் எழுதுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்தக் கட்டம் அதற்குப் பிறகு என்றைக்கும் மாறாது. இஸ்ஃபார்முலா எக்செல் 2013-இல் வந்தது, மற்ற இரண்டு மென்பொருள்களிலும் உண்டு.

நிறச் சரிவையும் அம்புச் சின்னங்களையும் நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. 10, 12, 15, 20, 200 என்று ஐந்து எண்களுக்கு மூன்று அம்புகளைப் போட்டுப் பாருங்கள். எக்செல்லின் இயல்பான எல்லைகள் 33, 67 விழுக்காடு. இது சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள தூரத்தில் எடுத்த விழுக்காடு. ஆகவே 72.7-க்குக் (10 கூட்டல் 190-இல் 33 விழுக்காடு) கீழே இருப்பதெல்லாம் கீழ்நோக்கிய அம்பு பெறும். நான்கு எண்களும் ஒரே சிவப்பு அம்போடு நிற்கும், 200 மட்டும் பச்சையாக. ஒரு விபரீத எண் மற்ற எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது. பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் எல்லைகளை நீங்களே உண்மையான எண்ணாகக் கொடுங்கள்.

விதிகள் வைத்த பிறகு பராமரிப்பும் உண்டு. வரிசைகளை வெட்டி ஒட்டும்போதும் நகலெடுக்கும்போதும் விதிகளும் கூடவே நகலாகும். சில மாதங்களில் ஏ2 முதல் ஜி500 வரை என்று ஒரே வரம்பாக இருந்தது, ஏ2 முதல் ஜி41 வரை, ஏ43 முதல் ஜி90 வரை என்று துண்டுதுண்டாகிவிடும், ஒவ்வொரு துண்டுக்கும் அதே விதி தனித்தனியாக. ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டுவது என்று எல்லோரும் பழகினால் இது பெருமளவு குறையும். நான் மாதத்துக்கு ஒருமுறை விதி மேலாண்மைப் பெட்டியில், தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும் என்றில்லாமல் தாள் முழுவதற்கும் என்று மாற்றிப் பார்த்து, நகல்களை அழித்து, மிஞ்சிய விதியின் வரம்பை மறுபடி முழுதாக எழுதிவிடுகிறேன். வரம்பை நெடுவரிசை முழுவதற்கும், அதாவது 10,48,576 வரிசைக்கும் கொடுக்க வேண்டாம். திரை நகரும்போதெல்லாம் கண்ணில் படும் கட்டங்களுக்கு விதிகளை மென்பொருள் மறுபடி சோதிக்கிறது, கனமான ஃபார்முலாக்களாக இருந்தால் தாள் தள்ளாடும். கனமான கணக்கை நிலை நெடுவரிசைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சுமையும் குறைகிறது.

அதே கோப்பில் "விதிகள்" என்று இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் என்ன பொருள், எந்த வரம்பு, எந்த ஃபார்முலா என்று அதில் எழுத்தாகவே இருக்கிறது. துண்டுதுண்டாகிப்போன விதிகளை ஒட்டவைக்க முயல்வதைவிட, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்தத் தாளைப் பார்த்து மறுபடி போடுவது விரைவாக முடிகிறது. அண்மையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் பிரிவுக்கு ஏழு நாள் அவகாசம் போதாது, பதினான்கு வேண்டும் என்று கேட்டார். ஜே1 கட்டத்தைக் காட்டினேன். அவரே எண்ணை மாற்றிக்கொண்டார்.